மீட்ட டிஸ்க்கை நம்பலாமா? செக்சம் பார்க்கும் வழி

(காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் நம் கம்யூனிட்டி ஹாலில் ஆற்றிய உரை. அன்று வர முடியாத குடும்பங்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



செயலாளர் எனக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார். பார்க்கிங், தண்ணீர் லாரி, லிஃப்ட் என்று பேச வேண்டியவை இன்னும் நிறைய இருப்பதால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஐப்பசி மழை சமயத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு நம் சங்க அலுவலகக் கணினியின் ஹார்டு டிஸ்க் தகராறு செய்ய ஆரம்பித்தது. ஒரு கோப்பைத் திறக்க ஐந்து நிமிடம் ஆனது. நகல் எடுக்கப் போனால் பாதியில் நின்றுவிட்டது. பராமரிப்புக் கணக்கு, கூட்டக் குறிப்புகள், கட்டட வரைபடங்கள், லிஃப்ட், ஜெனரேட்டர் ஒப்பந்தங்கள், சிசிடிவியில் இருந்து எடுத்து வைத்த சில பதிவுகள் எல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தன. அதிலிருந்து ஒரு முழு இமேஜ் எடுத்து, இப்போது இரண்டு புது டிஸ்க்குகளில் வைத்திருக்கிறோம்.

அன்றைக்கே பொருளாளர் கேட்டார்: "எல்லாம் வந்திருச்சுங்களா?"

கேள்வி ஒன்றுதான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பழைய டிஸ்க்கில் இருந்ததெல்லாம் வாசிக்கப்பட்டதா? வாசித்தது வாசித்தபடியே இன்றும் இருக்கிறதா? உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் பழுதில்லாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் தனித்தனியாகத்தான் விடை தேட வேண்டும். செக்சம் என்பது இரண்டாவது கேள்விக்கு முழு விடையும், மூன்றாவதுக்கு ஓரளவு விடையும் தரும். முதல் கேள்விக்கு அது விடை தராது. டேட்டா ரெக்கவரி கடைக்குப் போகும் பலரும் ஏமாறுவது இங்கேதான்.

செக்சம் என்றால் என்ன?

பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் நம் பையிலேயே இருக்கிறது. ஆதார் அட்டையில் 12 இலக்கங்கள். கடைசி இலக்கம் மற்ற 11 இலக்கங்களை வைத்துக் கணக்கிடப்பட்ட சரிபார்ப்பு இலக்கம். எழுதும்போது ஒரு இலக்கம் தவறினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலோ கணக்கு ஒத்துவராது. தொழில் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டி எண் தெரியும். 15 எழுத்துள்ள அந்த எண்ணிலும் கடைசி எழுத்து இந்த வேலையைத்தான் செய்கிறது.

இன்னொரு உதாரணம், எடை மேடை. ஈரோட்டில் மஞ்சள் ஏற்றிய லாரியை எடை போட்டுச் சீட்டு வாங்குகிறோம். சரக்கு போய்ச் சேரும் இடத்தில் மறுபடி எடை போடுகிறார்கள். இரண்டு சீட்டும் ஒத்துப்போனால் வழியில் ஒன்றும் இறங்கவில்லை என்று நம்புகிறோம். ஆனால் ஒரு மூட்டை மஞ்சளை இறக்கிவிட்டு அதே எடைக்குக் கல்லை ஏற்றியிருந்தால் சீட்டுக்குத் தெரியாது. எளிய கூட்டல் முறைச் செக்சம்களுக்கும் இதே பலவீனம் உண்டு.

அதற்காக வந்தவைதான் ஹாஷ் என்று சொல்லப்படும் வலுவான முறைகள். நாம் பயன்படுத்துவது ஷா-256. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் அது 64 எழுத்து நீளத்தில் ஒரு மதிப்பைத் தரும். 0 முதல் 9 வரை எண்களும், ஆங்கில எழுத்துகளில் ஏ முதல் எஃப் வரையும் மட்டுமே அதில் வரும். கோப்பில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் மதிப்பு அடையாளமே தெரியாமல் மாறிவிடும். வரக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை 78 இலக்கமுள்ள ஓர் எண். அதனால் இரண்டு வேறு கோப்புகளுக்குத் தற்செயலாக ஒரே மதிப்பு வரும் என்று கவலைப்பட வேண்டியதில்லை.

பழைய முறைகளான எம்டி5, ஷா-1 இரண்டும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஒரே எம்டி5 மதிப்பு வரும்படி இரண்டு வேறு தரவுகளைத் திட்டமிட்டு உருவாக்க முடியும் என்பதை 2004-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஷா-1 முறையிலும் அது முடியும் என்று 2017-ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையம் ஒன்றும் சேர்ந்து நிரூபித்தன. நகல் எடுக்கும்போது தற்செயலாக வரும் பிழையைக் கண்டுபிடிக்க எம்டி5 போதும். யாராவது வேண்டுமென்றே மாற்றியிருப்பார்களோ என்ற சந்தேகத்துக்கு இடமிருந்தால் ஷா-256 வேண்டும்.

பழுதாகும் டிஸ்க்கில் வரும் சிக்கல்

நல்ல டிஸ்க்கில் வேலை சுலபம். டிஸ்க் முழுவதற்கும் ஹாஷ் எடுங்கள், இமேஜுக்கும் ஹாஷ் எடுங்கள். ஒத்துப்போனால் முடிந்தது.

பழுதாகும் டிஸ்க்கில் அப்படிச் செய்ய முடியாது. 500 ஜிபி டிஸ்க் ஒன்றில் 512 பைட் கொண்ட செக்டார்கள் 97 கோடியே 67 லட்சத்து 73 ஆயிரத்து 168 இருக்கின்றன. அவற்றில் சில நூறு செக்டார்கள் கெட்டிருந்தால், சில சமயம் வாசிக்கும், சில சமயம் வாசிக்காது. காலையில் ஒரு ஹாஷ் வரும், மாலையில் வேறொன்று வரும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறை முழுதாக வாசிக்கும்போதும் அந்த டிஸ்க்கின் மிச்ச ஆயுள் குறைகிறது. சரிபார்க்கிறேன் என்று இரண்டாவது முறை ஓட்டினால் அதுவே அதன் கடைசி ஓட்டமாகிவிடலாம்.

எனவே இங்கே முறை வேறு. பழைய டிஸ்க்கை ஒரே தடவை, மெதுவாக, முறையாக வாசிக்க வேண்டும். இதற்குக் குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து அந்த இடங்களில் மட்டும் மறுபடி முயலும். எந்தெந்த செக்டார் வந்தது, எது வரவில்லை என்பதையெல்லாம் மேப் என்ற ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைக்கும். வராத இடங்கள் இமேஜில் வெற்றாக நிற்கும்.

பொருளாளரின் முதல் கேள்விக்கு விடை இந்த மேப் கோப்புதான். நம் டிஸ்க்கில் வாசிக்க முடியாமல் போனவை 212 செக்டார்கள். ஏறக்குறைய ஒரு லட்சத்து எட்டாயிரம் பைட். மொத்தத்தோடு பார்த்தால் கடுகளவுதான். ஆனால் அந்தக் கடுகு எந்தக் கோப்பில் விழுந்தது என்பதுதான் கேள்வி.

வாசித்து முடித்த கையோடு, வேறெதையும் தொடாமல், இமேஜுக்கும் மேப்புக்கும் ஷா-256 எடுத்துச் சங்கப் பதிவேட்டில் கையால் எழுதினோம். செயலாளர், பொருளாளர் இருவரும் கையெழுத்திட்டார்கள். அன்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு நகலையும் அந்த மதிப்போடுதான் ஒப்பிடுகிறோம். விநாடிக்கு 100 எம்பி வாசிக்கும் டிஸ்க்கில் 500 ஜிபிக்கு ஹாஷ் எடுக்கச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். இரவில் ஓட்டிவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஹாஷ் ஒத்துப்போகிறது என்றால், இந்த நகல் அன்றைக்கு எடுத்த இமேஜேதான் என்று அர்த்தம். அன்றைக்கு எடுத்த இமேஜ் முழுமையானது என்று அர்த்தம் இல்லை. பாதி காலியான ஒரு பெட்டிக்கும் அரக்கு முத்திரை வைக்கலாம் அல்லவா, அது போலத்தான்.

கோப்புகளை எப்படிச் சரிபார்த்தோம்?

ஃபோல்டரைத் திறந்தால் எல்லாப் பெயரும் வரிசையாகத் தெரிகிறது, அளவும் சரியாக இருக்கிறது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். டிஸ்க்கில் கோப்பின் பெயரும் அளவும் ஓர் இடத்தில் இருக்கும், உள்ளடக்கம் வேறிடத்தில் இருக்கும். பெயர் பத்திரமாக வந்து, உள்ளே வெறும் பூஜ்ஜியங்கள் நிரம்பியிருக்கலாம். கல்யாண போட்டோ மேல்பாதி நன்றாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வருவது இதனால்தான்.

மேப்பில் இருக்கும் கெட்ட இடங்கள் எந்தக் கோப்புகளில் விழுகின்றன என்று கணக்கிட முடியும். நம் விஷயத்தில் மூன்று கோப்புகள் அடிபட்டிருக்கின்றன. ஒரு பழைய சிசிடிவி பதிவு, இரண்டு பில்களின் ஸ்கேன். பில்களின் அசல் காகிதம் அலுவலக அலமாரியில் இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்துவிட்டோம். வீடியோவில் சில விநாடிகள் போனது போனதுதான்.

கணக்குக் கோப்புகளுக்கு இன்னும் வலுவான சோதனை ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு மார்ச் முடிவிலும் ஆடிட்டரிடம் ஒரு நகல் கொடுத்து வந்திருக்கிறோம். அவரிடம் இருக்கும் நகலுக்கும், மீட்ட இமேஜில் உள்ள கோப்புக்கும் ஹாஷ் எடுத்து ஒப்பிட்டோம். ஒரே ஓர் ஆண்டைத் தவிர மற்ற எல்லா ஆண்டுகளும் 64 எழுத்தும் மாறாமல் ஒத்துப்போயின. ஒத்துப்போகாதது 2021-22. அதைத் திறந்து வரி வரியாகப் பார்த்தோம். தொகைகள் எல்லாம் ஒன்றே. ஆடிட்டருக்குக் கொடுத்த பிறகு யாரோ நம் அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் திறந்து மறுபடி சேமித்திருக்கிறார்கள். கடைசியாகச் சேமித்த தேதியும் கோப்புக்குள் பதிவாகும். அது மாறினாலே ஹாஷ் மாறிவிடும்.

எனவே ஹாஷ் ஒத்துப்போகவில்லை என்றதும் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மாறியிருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். எது மாறியது, ஏன் மாறியது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இது கணினிக்காரர்களின் விஷயம் மட்டுமல்ல

"நம்ம அபார்ட்மென்ட்டுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று சிலர் நினைக்கலாம். நம் வாசல் கேமராவை நினைத்துப் பாருங்கள்.

நம் கொங்குப் பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். 2015 ஜூனில் நடந்த கோகுல்ராஜ் கொலை வழக்கில், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் சிசிடிவி பதிவு முக்கியமான சாட்சியமாக இருந்தது. மதுரைச் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022 மார்ச்சில். மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் 2023 ஜனவரியில் கோயிலுக்கே வந்து கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டார்கள். அந்த ஆண்டு ஜூனில் தீர்ப்பு உறுதியானது. எட்டு ஆண்டுகள். நேரில் பார்த்தவர் சாட்சி மாறலாம். ஒரு பதிவு அத்தனை ஆண்டுகள் கழித்தும், இது அன்றைய பதிவேதான் என்று நிரூபிக்கும் நிலையில் இருக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர், அங்கே 1 டெராபைட் டிஸ்க் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். இடமிருந்தும் பதிவு இல்லை.

சட்டமும் மாறியிருக்கிறது. மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதியாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவு அந்தச் சான்றிதழுக்கு ஒரு படிவத்தையே கொடுத்திருக்கிறது. அதில் இரண்டு பகுதிகள். பதிவைக் கொடுப்பவர் ஒன்றையும், நிபுணர் ஒன்றையும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பையும், எந்த முறையில் எடுத்தது என்பதையும் கேட்கிறார்கள். ஷா-1, ஷா-256, எம்டி5 என்று முறைகளின் பெயரே படிவத்தில் அச்சாகியிருக்கிறது. நாளைக்கு நம் பார்க்கிங்கில் ஒரு வண்டி திருடு போய், பதிவைக் கேட்டு போலீஸ் வந்தால், நிரப்பிக் கையெழுத்திட வேண்டியவர் நம் சங்க நிர்வாகியாகத்தான் இருப்பார்.

மானிட்டரில் ஓடும் காட்சியைச் செல்போனில் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது தகவலுக்கு உதவும், சாட்சியத்துக்கு உதவாது. அது வேறு கோப்பு, அதன் ஹாஷும் வேறு. டிவிஆரில் இருந்து எடுத்த மூலக் கோப்பைப் பென் டிரைவில் வைத்து, அன்றே ஹாஷ் எழுதி வைக்க வேண்டும்.

சங்கத்துக்கு என் யோசனை

ஒன்று, அலுவலகத்தில் "ஹாஷ் பதிவேடு" என்று ஒரு நோட்டு. எந்தக் கோப்பு, எந்தத் தேதி, யார் எடுத்தது, 64 எழுத்து மதிப்பு, இரண்டு கையெழுத்து. கணினிக்குள் மட்டும் வைத்தால் கணினியோடு அதுவும் போய்விடும்.

இரண்டு, முக்கியக் கோப்புகளுக்கு மூன்று நகல்கள். ஒன்று அலுவலகத்தில், ஒன்று இன்னொரு டிஸ்க்கில், ஒன்று குடியிருப்புக்கு வெளியே.

மூன்று, ஆண்டுக்கு இரண்டு முறை சரிபார்ப்பு. ஆயுத பூஜைக்கு மோட்டார், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அன்று டிஸ்க்குகளையும் எடுத்து ஹாஷ் ஓட்டிப் பார்க்கலாம். அடுத்தது ஏப்ரலில், கணக்கு முடித்த பிறகு. ஒரு நகல் கெட்டிருந்தால் மற்ற இரண்டில் இருந்து அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

நான்கு, டிவிஆர் எத்தனை நாள் பதிவை வைத்திருக்கிறது என்று பார்த்து அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுவோம். அந்த நாட்களுக்குள் கேட்டால்தான் எடுத்துத் தர முடியும்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

*வீட்டு டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?*

உடனே நிறுத்திவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். விண்டோஸ் சரிசெய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது. உள்ளே வாசிக்கும் முனைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தூசியைவிட மிகச் சிறியது. சத்தம் வரும் டிஸ்க் நிபுணர் வேலை. சத்தமில்லாமல் மெதுவாக மட்டும் இருந்தால் இமேஜ் எடுத்துப் பார்க்கலாம்.

*கடையில் கொடுத்தால் என்ன கேட்டு வாங்க வேண்டும்?*

மீட்ட கோப்புகளோடு மூன்றைக் கேளுங்கள். முழு இமேஜின் ஹாஷ், வாசிக்க முடியாத இடங்களின் பட்டியல், உங்கள் பழைய டிஸ்க். "எல்லாம் வந்திருச்சு" என்ற வாய்ச்சொல்லுக்குப் பதிலாக அந்தப் பட்டியல் கையில் இருக்கட்டும்.

*எஸ்எஸ்டிக்கும் இதே முறைதானா?*

இமேஜும் ஹாஷும் அதே முறைதான். ஆனால் எஸ்எஸ்டி மின்சாரம் வந்ததும் அழித்த கோப்புகள் இருந்த இடங்களைத் தானாகவே சுத்தம் செய்யக்கூடும். அதனால் ஒன்றும் செய்யாமலே அதன் முழு ஹாஷ் மாறலாம். கோப்பு வாரியாக ஹாஷ் வைத்துக்கொள்வது நல்லது.

*ஹாஷ் எடுக்க ஏதாவது விலை கொடுத்து வாங்க வேண்டுமா?*

வேண்டாம். விண்டோஸிலேயே சர்ட்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது. லினக்ஸில் ஷா256சம். இரண்டும் ஏற்கெனவே கணினியில் இருப்பவை. ஒரு குறிப்பு: உள்ளே ஒன்றுமே இல்லாத எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே மதிப்புதான் வரும். உங்கள் பட்டியலில் பல பெயர்களுக்கு ஒரே ஹாஷ் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுங்கள். ஒன்று அவை ஒரே கோப்பின் நகல்கள், அல்லது எல்லாமே வெற்றுக் கோப்புகள்.

*எனக்கு இதெல்லாம் வராது. குழந்தைகளின் போட்டோ மட்டும்தான் வைத்திருக்கிறேன்.*

அதுதானுங்க முக்கியம். சங்கக் கணக்குக்கு ஆடிட்டரிடம் நகல் இருந்தது. உங்கள் போட்டோவுக்கு யாரிடமும் நகல் இல்லை. டிஸ்க் நன்றாக இருக்கும்போதே ஒரு பட்டியல் எடுத்து வைத்துவிட்டால், பிற்காலத்தில் மீட்க நேர்ந்தால் எந்தப் படம் முழுதாக வந்தது, எது வரவில்லை என்று சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். பட்டியல் இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை 10 முதல் 12 வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். டிஸ்க்கையோ லேப்டாப்பையோ எடுத்து வாருங்கள். பட்டியல் எடுக்கச் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம்.